பெயர் கேட்காத கவுண்டர்

வாயைக் கட்டிப்போட்டுச் சம்பளம் வாங்கும் வேலை ஒன்று உண்டென்றால், அது எச்.ஐ.வி. பரிசோதனைக் கவுண்டர்தான். லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில், அப்படி ஒரு கிளினிக்கில் ஏழு வருஷம் உட்கார்ந்தேன். வருகிறவரிடம் பெயர், ஐசி என்கிற அடையாள அட்டை எதுவும் கேட்கக் கூடாது. அவரே நாலு இலக்கத்தில் ஒரு நம்பர் சொல்வார், அவ்வளவுதான். "எந்த புளோக்ல வீடு, யாரு மகன்?" என்று கேட்காமல் பேசத் தெரியாத எனக்கு எப்பேர்ப்பட்ட தண்டனை! கவுண்டரில் உட்கார்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

இப்போது அங்கே ஏதோ கைப்பேசிக் கடை. மல்லிகை வாசமும் மருந்து நெடியும் கலந்து வீசும் அந்தப் படிக்கட்டை நினைத்தால் இன்னும் மனசு என்னவோ செய்கிறது.

ஆதாரம் இருக்கு

சாங்கி ஏர்போர்ட்டில் கார்கோ பேப்பர் பார்க்கிற தம்பி ஒருவர் வந்தார். நம்பர் 2101. எங்கள் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் அறைக்கும் என் கவுண்டருக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்புதான். எல்லாம் காதில் விழும். ரெண்டு வாரத்துக்கு முன் ஒரு பெண்ணோடு இருந்தாராம், காண்டம் போட்டுத்தான். அடுத்த வாரமே வீட்டில் பெண் பார்த்து நிச்சயம் செய்துவிட்டார்களாம். இப்போது தூக்கம் இல்லை, கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று யோசனை.

"கிழியல, கழண்டு வரலன்னா ஆபத்து ரொம்ப ரொம்பக் குறைவு. ஆனா இன்னைக்கு டெஸ்ட் எடுத்தா முடிவான பதில் வராது. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார் சிஸ்டர். தம்பி சட்டைப் பையிலிருந்து காண்டம் வாங்கின ரசீதை எடுத்து நீட்டினார். "இதுல ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுங்க சிஸ்டர், நான் நிம்மதியா தாலி கட்டிடுறேன்."

அது எடுத்தாச்சு

அடுத்த வாரம் ஒரு பெண், தோளில் லேப்டாப் பையோடு. நம்பர் கேட்டேன். "2101" என்றாள். "அதைப் போன வாரமே ஒரு தம்பி எடுத்துட்டாரும்மா, வேற சொல்லு" என்றேன்.

அவள் முகம் வெளிறிப்போனது. "சாங்கியில வேலை பாக்குறவரா, ஆன்ட்டி? ஜனவரி இருபத்தொண்ணு எங்க கல்யாணம்."

ஐயோ கடவுளே! யாராவது கல்யாணத் தேதியைப் போய் நம்பராகச் சொல்வார்களா? "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று உளறினேன். பொய் சொல்லத் தெரியாத மூஞ்சி எனக்கு. அவள் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள். ஒரு கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தடுப்புக்கு மேலே சிஸ்டர் தலை தெரிந்தது. "நாளையிலேர்ந்து வாயில பிளாஸ்டர் ஒட்டிட்டு உட்காரு, கமலா."

திரும்பி வந்தாள்

பத்து நிமிஷத்தில் அவளே திரும்பி வந்தாள். பழைய பாய்ஃபிரண்ட் ஒருவர், ரெண்டு வருஷம் ஆச்சாம். பாதுகாப்பாகத்தான் இருந்தார்களாம். இருந்தாலும் தாலி ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டுமாம். விரலில் ஒரு குத்து, இருபது நிமிஷக் காத்திருப்பு. நெகட்டிவ்.

"தப்பு என்னுது. அவர்கிட்ட சண்டை போட்டுடாதேம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சண்டை போட நான் எந்த மூஞ்சியோட போவேன், ஆன்ட்டி? நானும் அதே நம்பரைத்தானே சொன்னேன்."

சீல்

அன்றைக்கே கிளினிக்கை நடத்தும் டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூணு மாசம் கழித்து, டிசம்பரில், படிக்கட்டில் ரெண்டு ஜோடிச் செருப்புச் சத்தம். அவரும் அவளும்! எல்லாம் பேசிவிட்டார்கள் போல. விரலில் குத்திவிட்டுக் காத்திருந்த அந்த இருபது நிமிஷமும் தம்பி கடிகாரத்தையே பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன். சிஸ்டர் "நெகட்டிவ்" என்றதும் மனுஷன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். அவள் அவர் சட்டைப் பையில் கைவிட்டு அந்த நைந்துபோன ரசீதை எடுத்துக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். "நானே சீல் போட்டுட்டேன் லா, எழுந்திரிங்க, பத்திரிகை அடிக்கக் குடுக்கணும்."

ஏழு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் வாய் தவறியதுதான் என்று அந்த டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.