வடித்து அனுப்பிய பரவைக்கடல்

மகள் தண்ணீரைப் படிக்கிறாள் என்றால் எங்கள் ஊர் பூநகரியில் ஒருவருக்கும் விளங்காது. "தண்ணியிலை படிக்க என்ன கிடக்குது?" என்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் விடமாட்டேன். "நீங்கள் குடிக்கிறதையும் பிடிக்கிறதையும்தான் அவள் படிக்கிறாள்" என்பேன்.

முதலில் குளத்தைப் படித்துப் பட்டம் எடுத்தாள். பிறகு மாரி வெள்ளம் எங்கள் ஊரின் ஆழமில்லாத பரவைக்கடலில் கலக்கிற இடத்தைப் படிக்க இறங்கினாள். அதை முடித்தால் கம்பஸில் விரிவுரையாளராக நிரந்தர வேலை. அங்கே தற்காலிகமாகப் படிப்பித்துக்கொண்டிருந்ததால் கிழமைக்குக் கிழமை வர முடியவில்லை. தண்ணீர் எடுக்கிற வேலையை நான் ஏற்றேன்.

"அப்பிடியே அள்ளி, பழுதாகாமல் இந்த மருந்தை விட்டு மூடுங்கோ அம்மா" என்று சொல்லிப் போத்தல்களைத் தந்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமைகளில் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி அள்ளினேன். சேறும் பாசியும் தூசும். இதையா பேராசிரியர்கள் பார்ப்பது? எங்கள் இடத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? குடிதண்ணீர் வடிக்கிற வெள்ளைச் சீலைத் துண்டை நாலாக மடித்து வடித்தேன். கிணற்றுத் தண்ணீரே தோற்றுப்போகிற தெளிவு. அதற்குப் பிறகுதான் மருந்து விட்டேன். காய்ச்சலோடும் போனேன். ஒரு சனி தவறவில்லை.

தை மாதம் மகள் வந்தாள். முகம் செத்திருந்தது.

"அம்மா, கடல் செத்துப்போச்சுது போலை. ஒரு போத்தலுக்குள்ளையும் ஒண்டுமில்லை. நுணுக்குக்காட்டிக்குள்ளை பாத்துப் பாத்துக் கண் பூத்துப்போச்சு."

"என்ன இருக்கவேணும்?"

"சின்னச் சின்ன உயிர். மீன்குஞ்சு தின்னுறது. திங்கட்கிழமை பேராசிரியரிட்டைச் சொல்லப்போறன்."

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கடல் செத்தது என்று எழுதி வைத்துவிட்டால் மீன்பிடித் தொழிலுக்குப் போகிற சனத்தின் கதி என்ன?

"பிள்ளை, நான் வடிச்செல்லே அனுப்பினனான்."

பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். "எல்லாத்தையுமோ?"

"ஓம். ஊத்தைத் தண்ணியை ஆராவது பெரிய மனிசருக்கு அனுப்புவினமோ?"

"நீங்கள் என்ன, அவைக்குக் குடிக்கவோ குடுத்து விட்டனீங்கள்?" என்று சிரித்தாள். சிரிப்பு முடியுமுன்பே அழுதாள்.

பிறகு பேராசிரியருக்குப் போன் எடுத்தாள். "சேர், பிழை என்ரை. அம்மாவுக்கு நான் வடிவாச் சொல்லேல்லை."

அது எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பறித்தேன். "சேர், பிள்ளை பொய் சொல்லுறாள். அவள் வடிவாத்தான் சொன்னவள். நான்தான் கேக்கேல்லை."

"அப்ப, அடுத்த மாரிக்குத் திரும்ப எடுக்கத்தான் வேணும் அம்மா" என்றார் பேராசிரியர்.

அந்த நிரந்தர வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. மகள் ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும்.

மாரி நெருங்க, "உங்களுக்கு முழங்கால் ஏலாது, ஒரு ஆளைப் பிடிப்பம்" என்றாள்.

"பிடி. அவன் நனையாமல் கிணத்திலை அள்ளித் தருவான்" என்றேன்.

இப்போது மழை தொடங்கிவிட்டது. சனிக்கிழமைகளில் நானேதான் இறங்கி அள்ளுகிறேன். குனிந்து குனிந்து இடுப்பு, நாரியெல்லாம் நோகிறது, போய்வந்தால் அன்று முழுக்க எழும்ப முடிவதில்லை. போத்தலை மூடும்போது, வடிக்காத அந்தக் கலங்கலைப் பார்க்க இன்னமும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.