குத்தகை வீட்டில் நான் வைத்த தென்னம்பிள்ளை

இன்றைக்குக் கிளிநொச்சியிலேயே பெரிய மடையன் யார் என்று கேட்டால், கூசாமல் கையை உயர்த்துவேன். காணிக் கந்தோரில் வேலை பார்ப்பவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் குடியிருக்கும் வீட்டின் குத்தகை இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் நீடித்துத் தரும்படி கேட்டிருந்தேன். வீட்டுக்காரர், இளைப்பாறிய ரீச்சர், வீட்டைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று வவுனியாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்.

குசினியை அடுப்பு, பாத்திரம் என்று முழுவதையும் தேய்த்து மினுக்கி வைத்திருந்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே கிணற்றடிக்குப் போய் நின்றார்.

"தம்பி, இந்தத் தென்னம்பிள்ளை ஆர் வைச்சது?"

"நான்தான் ரீச்சர்," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"இதை வைச்சுப்போட்டோ இன்னும் ரெண்டு வருசம் கேக்கிறியள்?"

அப்போதுதான் உறைத்தது. உறுதிப் பத்திரம் தொலைந்த காணி யாருடையது என்பதற்கு எங்கள் பக்கத்தில் நட்ட மரம்தான் சாட்சி. "நீங்கள் வைச்ச தென்னை ஏதும் காணியில நிக்குதோ?" என்று கந்தோரில் தினமும் சனத்திடம் கேட்பவனே நான்தான்.

ரீச்சர் கைப்பையிலிருந்து ஒரு வெறுந்தாளை எடுத்து நீட்டினார். 'மேற்படி தென்னம்பிள்ளையில் எனக்கு எவ்வித உரித்தும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

இரண்டு தரம் வாசித்தார். "வடிவா எழுதியிருக்கிறியள். தண்ணி மட்டும் மறக்காமல் விடுங்கோ" என்றார். பிறகுதான் குத்தகையில் கையெழுத்திட்டார்.

வேலியோரம் நான் வைத்த மாங்கன்று அவர் கண்ணில் படவில்லை.

போன் எடுத்துச் சொல்லுவதா, பேசாமல் இருப்பதா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்னிடம் மட்டும் கேட்காதீர்கள்.