போலி தாங்கிய சூடு

கல்லடிப் பாலத்தைக் கடக்கும் பஸ்ஸில்தான் அந்த யோசனை வந்தது. பக்கத்து சீட்டில் என் சிநேகிதி சுமையா. பேர்ஸைத் திறந்து ஒற்றைத் தோட்டைக் காட்டினாள். அதில் ஊதா நிற அமெதிஸ்ட் கல். அவளுடைய வாப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. மற்றத் தோடு தொலைந்துவிட்டது. வாப்பாவும் இப்போது இல்லை.

“தா புள்ள, இத மோதிரமாக்கித் தாறன்!”

யோசித்தா சொன்னேன்? நான் எப்போது யோசித்திருக்கிறேன்!

அப்போது எனக்கு வெள்ளிக் களிமண் பித்து. வெள்ளித் தூளைப் பசையோடு குழைத்த களிமண் அது... ரொட்டி மாவைப் போல உருட்டி, வடிவம் பிடித்து, காயவைத்து, கேஸ் டோர்ச்சால் சுட வேண்டும். பசை எரிந்துபோகும், சுத்த வெள்ளி மிஞ்சும். கல்லை ஈரக் களிமண்ணிலேயே பதித்துச் சுடலாம் — தாங்கும் கல்லாக இருந்தால்.

அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் அவசரத்தில் தாண்டிப் போனேன்.

அதற்கு முந்தின வாரம்தான் என் சங்கிலிக்கொரு பென்டன் செய்திருந்தேன். ஆய்வுகூடத்தில் உருவாக்கிய செயற்கைக் கல். நெருப்பில் சிவந்து, ஆறி, பளிச்சென்று சிரித்தது. போலியே தாங்கும்போது அசல் தாங்காதா? இதுதான் என் விஞ்ஞானம்.

“சூட்டுக்கு ஒண்டும் ஆகாதாடி?” என்று சுமையா கேட்டாள்.

“அசல் கல்லுடி. பயப்பிடாத.”

நாவற்குடாவில் எங்கள் குசினி மேசை. அவளும் பக்கத்தில். தோட்டிலிருந்து கழற்றிய கல்லை ஈரக் களிமண் மோதிரத்தில் பதித்தேன். சுவாலை பட்டுச் சில நிமிடம்... மெல்லிய ‘டிக்’. ஆறியபின் பார்த்தால், ஊதாவைக் காணோம். வெளிறிப்போன கல், நடுவே ஒரு வெடிப்பு.

அவள் ஏசவில்லை. அதுதான் கொடுமை.

“இருவது வருஷம் கட்டார் வெயிலத் தாங்கின மனிசன் வாங்கின கல்லு,” என்று சிரிக்கப் பார்த்தாள். “உன்ட நெருப்பத் தாங்கேலாமப் போச்சே புள்ள!”

சிரிப்பு பாதியில் நின்றது.

பிறகுதான் வாசித்தேன் — வாசிக்க வேண்டியதையெல்லாம் பிறகுதானே வாசிக்கிறோம்? ஆய்வுகூட மாணிக்கமும் நீலக்கல்லும் பெரும்பாலும் தாங்கும். அமெதிஸ்ட் நிறமிழக்கும். முத்து கருகும். அசலா, போலியா என்று நெருப்பு பார்ப்பதில்லை.

மனிதரிடமும் இதைத்தானே செய்கிறோம்? ‘இவள் நல்லவள், தாங்குவாள்’ என்று நாமே முடிவுகட்டிவிட்டுச் சூட்டை வைக்கிறோம்.

வெடித்த கல்லை என்னிடமே விட்டுப் போனாள் சுமையா. “கோவம் போகேல்ல. ஆனா மோதிரம் வேணும்.”

வரும் ஞாயிறு புதிதாக ஒரு மோதிரம் பிடித்து, அதைக் கல் இல்லாமலே சுடப்போகிறேன். முழுக்க ஆறியபின், அந்த வெளிறிய கல்லை வைத்து, வெள்ளி விளிம்பை அதன்மேல் மெல்ல மெல்ல மடிக்க வேண்டும். வெடிப்பு தாங்குமா? தெரியாது. பக்கத்தில் அவளை இருத்திக்கொண்டுதான் தொடங்குவேன். “போதும்” என்று அவள் சொன்னால், அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடுவேன்.