ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கும் பேய்

பேய்க்குச் சக்தி கொடுப்பது சுலபம். அந்தப் பேயை எழுதுகிற ஆளிடமிருந்து ஒரே ஒரு பலவீனத்தை வாங்குவதற்குள் நமக்கு உயிர் போய்விடும்.

பகலில் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு ஆபீஸில் எனக்கு வேலை. சாயங்காலமானால் ஒரு வாட்ஸப் குழுவுக்கு அட்மின். ஆளுக்கொரு பேயோ பூதமோ சக்தியுள்ள மனிதரோ ஆகி, மாறி மாறி எழுதி ஒரே கதையை நகர்த்துகிற குழு. சட்டம் ஒன்றுதான்: எத்தனை சக்தி வேண்டுமானாலும் வைத்துக்கொள், உன்னை வீழ்த்த ஒரு வழியும் எழுது. அதை மதிக்காததால் இதற்கு முன் எங்கள் கதை ஒன்றுகூட முடிந்ததில்லை. எவனாவது ஒருத்தன் எல்லாரையும் அழித்துவிட்டுத் தனியாக நிற்பான், மற்றவர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்தக் கதையையாவது முடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். நீங்களும் எங்காவது அட்மினாக இருந்து அவதிப்பட்டவர் என்றால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

கரையாத உப்பு

எங்கள் பலசரக்குக் கடை அண்ணாச்சிதான் உப்பளத்துப் பூதம். உடம்பு முழுக்க உப்பு. வெட்டினாலும் குத்தினாலும் சாகாது. "உப்புன்னா தண்ணியில கரையணும் அண்ணாச்சி, அதையே பலவீனமா எழுதுங்க" என்றேன். முகம் சுண்டிவிட்டது. கடையில் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டால் "கட்டாதும்மா" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிற மனிதர், இங்கே என்னிடம் பேரம் பேசுகிறார்! முழுசாகக் கரைய வேண்டாம், பாதி போதும் என்றார். அப்புறம் முழங்கால் வரைக்கும் என்றார். நான் கத்தியேவிட்டேன். அப்பவும் அசரவில்லை. கடைசியில் பெரிய மனசு பண்ணிச் சொன்னார்: "சரிம்மா, உனக்காக ஒரு விரல் கரையட்டும். அதுவும் இடது கையில."

பெயர் சொன்னால் உறைபவள்

ஜெபா காலேஜில் படிக்கிற பிள்ளை. குழுவில் சட்டத்தை மதித்த ஒரே ஆள். அவள் பாத்திரம் முத்துக் குளிக்கிற பெண். தண்ணீருக்கடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருப்பாள். பலவீனம்: யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நின்ற இடத்திலேயே உறைந்துவிடுவாள். நான் கேட்காமலே எழுதித் தந்தாள், தங்கம்!

அதற்கு இந்தக் கூட்டம் செய்த மரியாதை என்ன தெரியுமா? அவள் வாசலைத் தாண்டவில்லை, பூதம் கூப்பிடுகிறது. தெருவுக்கு வந்தால் இன்னொருத்தர் கூப்பிடுகிறார். கதை ஆரம்பித்ததிலிருந்து அந்தப் பிள்ளை மரமாக நிற்கிறாள். எனக்கு ரத்தம் கொதித்தது. கடலடியில் இருக்கிற கடல் பேயைப் பிடித்தால்தான் கதை முடியும், அங்கே போகக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் போனால் கதையும் போச்சு. அவளோ போன் பண்ணி, அழுகிற குரலில் கேட்டாள்: "நான் குரூப்ப விட்டுப் போயிருதேன்க்கா. ஒழுங்கா பலவீனம் எழுதினது என் தப்புதானே?"

லீவு நாள்

ரோஷன் மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். கதையில் கடல் பேய். நாட்டுப்படகோ விசைப்படகோ, எது வந்தாலும் இழுத்து அமுக்கிவிடும். பலவீனம் கேட்டதும் மறுபேச்சில்லாமல், "ஞாயித்துக்கெழம சக்தியே கிடையாதுக்கா" என்றான். வாரத்தில் முழுசாக ஒரு நாள்! அவனைப் பார்த்துப் படியுங்கள் என்று மற்றவர்களிடம் வேறு சொல்லித் தொலைத்தேன்.

ஜெபாவைச் சமாதானம் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை படகில் போய்ப் பேயைப் பிடிப்பதாக எழுதச் சொன்னேன். ரோஷன் மறித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கம் படகே கடலுக்குப் போகாதாம். எல்லாரும் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வீட்டில் இருப்பார்களாம். அதாவது, கடலுக்கு யாருமே வராத நாளில் மட்டும் இந்தப் பேய் ஓய்வெடுக்கும்! ஞாயிறானால் நான் சொந்த ஊரான நாசரேத்துக்குப் போய் எங்கள் சர்ச்சில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பேன். திரேஸ்புரத்துக் கடலில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று எனக்கென்ன தெரியும்? "ஏலே, இப்படி ஏமாத்திட்டியேலே!" என்று போனிலேயே சத்தம் போட்டேன். அவன் சாவகாசமாகச் சொன்னான்: "லீவு நாள்ல படகு எறக்கினதா எழுதினா எங்க தெருவே சிரிக்கும்க்கா."

படகு எதற்கு?

நான் பதில் யோசிப்பதற்குள் ஜெபா எழுத ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய முத்துக் குளிக்கிற பெண்ணுக்குப் படகு எதற்கு? ஞாயிறு காலை, ஊரே பூசையில் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கரையில் ஒரு ஆள் இல்லை. தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் பூதம் கத்தினாலும் காதில் விழாது. கடலடியிலேயே நடந்துபோய், குறட்டை விட்டுக்கொண்டிருந்த பேயை வடக்கயிற்றால் கட்டிக் கரைக்கு இழுத்துவந்து, "முற்றும்" என்று போட்டாள். எங்கள் குழுவில் முடிந்த முதல் கதை. ஆபீஸ் என்றும் பார்க்காமல் கை தட்டினேன், கண்ணும் கலங்கிவிட்டது. ரோஷனிடமிருந்து உடனே குரல் பதிவு வந்தது: "லீவு நாள்ல வீடு தேடி வந்து அடிக்கதெல்லாம் அநியாயம்க்கா!"

புதுக் கதைக்கு எல்லாரும் சக்திகளை வரிசையாக எழுதி அனுப்பிவிட்டார்கள், பலவீனம் என்ற இடத்தில் மட்டும் "பிறகு சொல்கிறேன்" என்று போட்டிருக்கிறார்கள், ஜெபா உட்பட.