சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் ஒரு கதிரை

மொழிபெயர்ப்பாளர் வேலையில் நாள் முழுக்கக் கதைக்கலாம். சொந்தமாக ஒரு வார்த்தை மட்டும் சொல்லக்கூடாது.

நான் சுவிஸில், லுசேர்ணில் வளர்ந்தவள். இப்போது லோசானில் தனியே இருக்கிறேன். ஜெர்மனும் பிரெஞ்சும் வரும் என்பதால், தமிழ்க் கட்சிக்காரர் வருகிற நாட்களில் சட்டத்தரணிகள் என்னைக் கூப்பிடுவார்கள். கேட்டதை வெளியில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். அதனால் பின்னேரம் அம்மா போன் எடுத்து, "இண்டைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால், "மழை" என்பேன். வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு என் பாடு விளங்கும். உங்களுக்காகப் பெயரையும் அடையாளத்தையும் மாற்றிச் சிலதைச் சொல்கிறேன்.

போனைத் திறப்பது

அமலன் மன்னாரில் இருந்து வந்து அகதி விண்ணப்பம் கொடுத்திருந்த இளைஞர். கையில் பாஸ்போட் இல்லை. ஆள் யாரென்று உறுதிப்படுத்த அவருடைய போனைத் திறந்து பார்க்க அதிகாரிகளுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. சட்டத்தரணி க்ளேருக்கு இந்தச் சட்டமே பிடிக்காது. "அந்தரங்கம் அடிப்படை உரிமை. ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. உங்கள் படங்கள், வீட்டு ஆட்களோடு கதைத்தது எல்லாம் அதற்குள் இருக்கும். அளவுக்கு மிஞ்சிப் பார்க்க ஏலாது, நீங்கள் ஆட்சேபிக்கலாம்" என்று மேசையில் தட்டித் தட்டி விளங்கப்படுத்தினார். நானும் அதே வேகத்தில் தமிழில் சொன்னேன்.

அமலன் தங்கியிருந்த முகாம் மலைக்கு மேலே. அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள் எல்லாரும் வேறு மொழிக்காரர். அவர் போனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு பதில் சொன்னார். எங்கள் தொழிலில் "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது, "நான்" என்றுதான் சொல்லவேண்டும். அந்தப் பதிலை நான் பிரெஞ்சில் சொல்லி முடித்தபோது க்ளேர் அமலனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அமலன் சொன்னது இதுதான்: "பாக்கட்டும் அக்கா. நான் எப்பிடி இருக்கிறன் எண்டு இவ்வளவு காலமா ஒருத்தரும் பாக்கேல்லை."

மறக்கப்படும் உரிமை

செல்வராசா அண்ணை லுசேர்ணில் ஹோட்டல் சமையல்காரர். ஒருமுறை சமையலறையில் தீப்பிடித்தது. பொலிஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்து, குற்றமில்லை என்று விட்டுவிட்டது. ஆனால் கூட்டிக்கொண்டு போன செய்தி படத்தோடு இணையத்தில் ஏறியது. விட்ட செய்தி ஏறவில்லை. வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம் முதலாளிமார் அவர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு மறக்கப்படும் உரிமை என்று ஒன்று இருக்கிறது, சுவிஸ் அதற்குள் இல்லாவிட்டாலும் இங்கேயுள்ள சட்டத்தைக் கொண்டு அதே மாதிரிக் கேட்கலாம் என்றார் சட்டத்தரணி. "மறக்கப்படும் உரிமை" என்று நான் தமிழில் சொன்னதும் அண்ணை சிரித்துவிட்டார். "ஊரில எங்களை மறக்க ஒருத்தரும் உரிமை கேக்கேல்லையே" என்றார்.

வழக்கு வெற்றி. செய்தி இணையத்தில் இருந்து நீக்கப்பட்டது, ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலில் வேலையும் கிடைத்தது. கடைசிச் சந்திப்பில் சட்டத்தரணி கணினியைத் திருப்பி, அவர் பெயரை அடித்துக் காட்டினார். திரையில் கனடாவில் பல் வைத்தியம் செய்யும் வேறொரு செல்வராசா சிரித்துக்கொண்டு நின்றார். அண்ணை கனநேரம் அந்த வைத்தியரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நல்லதுதான், தங்கச்சி. ஆனா பாத்தீங்களோ, கெட்ட பேர் போனாப்பிறகு எனக்குப் பேரே இல்லை."

சம்மதம்

க்ளேரிடம் பயிற்சிக்கு வந்த மெலனி இங்கே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. செயற்கை நுண்ணறிவுக்கான ஐரோப்பியச் சட்டத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் ஆட்களுக்காகத் தமிழில் ஒரு விளக்கக் குறிப்பு எழுதவேண்டும் என்று வந்தாள். "ஒருவருடைய தரவை எடுக்கமுதல் அவரிடம் கேட்கவேண்டியதற்குத் தமிழில் என்ன?" என்றாள். "சம்மதம்" என்றேன். பேனையை வைத்துவிட்டு யோசித்தாள். "அது கலியாணத்துக்கு வாற சொல் அல்லோ, அக்கா? அப்பா அதைக் கேக்கிறதில்லை, அறிவிக்கிறவர்."

மெசின்

றஜனி லோசானில் ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறவர். க்ளேரின் அறைக்குள் வந்ததும் என்னைப் பார்த்து, "நீங்கள் எந்த ஊர்?" என்றார். சொன்னேன். உடனே க்ளேரிடம் திரும்பி, தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில், "தமிழ் ஆள் வேண்டாம்" என்றார். க்ளேர் மொழிபெயர்க்கும் செயலி ஒன்றைத் திறந்து மேசையில் வைத்தார். நான் வெளியே இருந்த நீள வாங்கில் போய் இருந்தேன். கதவுக்குள்ளால் மெசினின் தமிழ் கேட்டது. நடுவில் எங்கேயும் மூச்சு விடாத தமிழ். இனி இந்தக் கதிரையும் போய்விடும் என்று நினைத்தேன். அதைவிட, என்னிடம் சொல்லப் பயந்து ஒரு பெண் அதனிடம் அழுகிறாளே என்பதுதான் வலித்தது.

அடுத்த குளிர்காலம் மெட்ரோவில் அவராகவே வந்து பக்கத்தில் இருந்தார். புருசன் அவருடைய போனில் இரகசியமாக ஒரு செயலி போட்டிருந்தானாம். ஒரு பஸ் தரிப்பிடம் தள்ளி இறங்கினாலும் உடனே அவனிடமிருந்து போன் வருமாம். நீதிமன்றம் அவனைக் கிட்ட வரக்கூடாது என்று தடுத்துவிட்டது. இப்போது மகளோடு வேறு வீட்டில் இருக்கிறார். இறங்கும்போது என் கையைப் பிடித்தார். "அண்டைக்கு வெளியில விட்டதைக் குறை நினைக்காதேங்கோ. நீங்கள் நல்ல ஆள்தான். ஆனா மெசினுக்கு ஊரில சொந்தக்காரர் இல்லை."

ஸ்ட்ராஸ்பூர்க்கில் வென்றது

சேவியர் அண்ணைக்குச் சிறுநீரக வருத்தம். முழுநேர வேலை செய்ய ஏலாது. வருமானம் போதாது என்று, ஊரில் இருந்த மனைவி பிலோமினாவை இங்கே கூப்பிடும் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. தினமும் வீடியோவில் பார்த்துக் கதைக்கிறார்கள்தானே, குடும்ப வாழ்வு அறுந்துவிடவில்லை என்று மறுப்பில் எழுதியிருந்தது. அந்த வரியையும் நான்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. அண்ணை அமைதியாக, "ஓம், அவ சமைக்கிறது தெரியும். சாப்பிடத்தான் ஏலாது" என்றார். வழக்கு ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. வருடக்கணக்காக ஓடி, கடைசியில் குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பு வந்தது.

பிலோமினா அக்கா வந்து சேர்ந்த பிறகு இரண்டு பேரும் நன்றி சொல்ல வந்தார்கள். ஒருவரையொருவர் முட்டாமல், கதிரை நுனியில் இருந்தார்கள். அண்ணை பக்கத்தில் இருந்த மனைவியோடு, லைன் சரியில்லாத போனில் கதைக்கிற மாதிரிச் சத்தம் போட்டுக் கதைத்தார். க்ளேர் சந்தோசத்தில், "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அக்கா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நல்லா இருக்கிறம், இப்பதான் ஒராளை ஒராள் பழகிக்கொண்டிருக்கிறம் எண்டு சொல்லுங்கோ, பிள்ளை."

சட்டப் புத்தகத்தில் இதையெல்லாம் தனியுரிமை என்று எழுதுகிறார்கள். அதில் 'உரிமை'க்குத்தான் வழக்குப் போடவேண்டியிருக்கிறது, 'தனி' எங்களுக்கு விமானத்தால் இறங்கிய அன்றைக்கே கிடைத்துவிட்டது.