பல் வரைந்தறியாத ஓவியர்

ஆவூரிலிருந்து வந்த ஓவியர் எங்கள் இலுப்பூர் வீட்டில் தங்கியது பத்தொன்பது நாட்கள். என் மனைவி பதினேழு என்கிறாள். அவள் வந்ததே பத்தொன்பதாம் நாள்தான். அதற்கு முன் நடந்தது எல்லாம் அவளுக்கு நான் சொல்லித் தெரிந்தது. இருந்தாலும் பதினேழு என்றே சாதிக்கிறாள். யாரிடம் போய் முறையிடுவது?

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் அது. எனக்கு வயது இருபத்துநான்கு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வழக்கத்தில் தாலி கட்டுவது மாப்பிள்ளை வீட்டில். தாலி கட்டியதும் பெண்ணும் பிள்ளையும் பிள்ளையின் அப்பா அம்மா காலில் விழ வேண்டும். எனக்கு அம்மா இல்லை. எனக்கு ஒரு வயதும் நான்கு மாதமும் ஆனபோது காய்ச்சலில் போய்விட்டாள். அவளை ஒரு முறையும் போட்டோ பிடித்ததில்லை. போட்டோ பிடிப்பவர் பதினாறு மைல் தள்ளிப் புதுக்கோட்டையில் இருந்தார். அவ்வளவு தூரம் அம்மாவை வண்டி கட்டி அழைத்துப் போக யாருக்கும் தோன்றவில்லை.

இந்த மாதிரி வீடுகளில், இறந்தவர்களின் புடவையையோ வேட்டியையோ மடித்து மணையில் வைத்துக் கும்பிட்டுவிடுவார்கள். என்னை வளர்த்த அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, அதுவே போதுமென்றிருந்தது. அப்பாதான் ஒருநாள் கடலை மண்டியிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றாமலே, "படம் எழுத ஆளுக்குச் சொல்லியிருக்கேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அம்மாவைப் பற்றி அவர் என்னிடம் அதற்கு முன் பேசியதே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை சொன்ன இரண்டே விஷயங்கள்: செவப்பா இருப்பா, லெச்சணமா இருப்பா. சின்ன வயதில் பல தடவை கேட்டிருக்கிறேன். மூன்றாவதாக ஒன்று வந்ததில்லை. அம்மாவின் பிறந்த வீடு பொன்னமராவதிப் பக்கம். அங்கே அவளை அறிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ஆகவே இந்த உலகத்தில் அம்மாவின் முகத்தைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பேசமாட்டார். மற்றவருக்கு இரண்டு விஷயந்தான் தெரியும்.

ஓவியருக்கு நாற்பது வயது இருக்கும். சைக்கிளில் வந்தார், பின்னால் ஒரு மரப்பெட்டி, சுருட்டிய கித்தான், குடை. சென்னைப் பட்டணத்தில் சித்திரப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தவர். ஊருக்குத் திரும்பி, மாதா கோயில்களுக்கு மாதாவும், சம்மனசுகள் என்று அவர் சொல்லும் இறக்கை வைத்த தேவதூதர்களும் எழுதினார். நாடகக் கம்பெனிகளுக்குக் காடு, அரண்மனை, தெரு என்று படுதாக்கள் எழுதினார். செட்டிநாட்டு வீடுகளில் போட்டோ மேல் கட்டம் போட்டு, அதைப் பெரிதாக்கி, வீட்டுப் பெரியவர்களை எழுதினார். இதுவரை எத்தனை என்று கேட்டேன். "யாரு தம்பி எண்ணுனா?" என்றார். எனக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து அவரை ஞாபகப்படுத்தச் சொல்லி நானே எண்ணினேன்: மாதா முப்பத்தொன்று, சம்மனசு கணக்கில்லை, படுதா பன்னிரண்டு, மனிதர்கள் நாற்பத்தாறு. அத்தனை முகமும் வாய் மூடியவை. இது பிறகுதான் தெரிந்தது.

கூடத்தில் வடக்குச் சன்னல் ஓரம் கித்தானை நிறுத்தினார். வடக்கு வெளிச்சந்தான் நாள் முழுக்க மாறாமல் இருக்குமாம். வர்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை வீடு முழுக்கப் பரவியது. எனக்குத் தலைவலி வந்தது. பத்தொன்பது நாளும் இருந்தது.

முதலில் முகத்தை விட்டுவிட்டுப் புடவையும் நகையும் எழுதுவது அவர் பழக்கம். அத்தை எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு சாட்சி சொன்னாள். செவப்பா லெச்சணமா என்பதற்கு மேல் போகாத அத்தை, நகை என்றதும் அரிசி புடைப்பது போலக் கொட்டினாள். தோட்டில் எத்தனை கல், அட்டிகையில் எத்தனை பச்சை, கைவங்கியின் பூட்டு எந்தப் பக்கம் என்பது வரை.

"ஒட்டியாணம் நாலு விரக்கடை அகலம்" என்றாள்.

உள்ளே வந்த அப்பா நின்றார். "ஒட்டியாணம் ஏது அக்கா நம்ம வீட்டுல?"

"படத்துலயாச்சும் போட்டுட்டுப் போறா. ஒனக்கென்ன நட்டம்?"

ஓவியர் தூரிகையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

"மூக்குத்தி எழுதலையா?" என்றாள் அத்தை.

"மூக்கே இன்னும் வரலக்கா. மூக்குத்திய எங்கிட்டு வைக்கிறது?"

ஆறு நாளில் பாகற்காய்ப் பச்சையில் புடவையும், இல்லாத ஒட்டியாணமும், கழுத்தும் வந்தன. கழுத்துக்கு மேல் ஒரு பழுப்பு வட்டம். நான் அந்தக் கூடத்தைத் தாண்டும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு போனேன்.

முகத்துக்கு மூன்று நாள். ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் யாருமில்லை. ஓவியர் ஊருணியில் குளிக்கப் போயிருந்தார். படத்தில் முகம் இருந்தது. சிவப்பு, லட்சணம், கண்கள் தாழ்ந்து, தலை லேசாக இடப்புறம் சாய்ந்து. செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் நின்றேன். ஒரு மணி நேரம் இருக்கும். இதுதான் அம்மா என்று மனதில் பதிய வைத்துக்கொண்டேன். பத்தொன்பது வயதில் செத்துப்போனவள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். அதுவரை அந்தக் கழித்தலை நான் போட்டுப் பார்த்ததில்லை.

பிறகு அத்தை வந்தாள். இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கா. ஆனா இவ நம்ம வீட்டு ஆளு இல்ல. ஆவூருத் தேருல வர்ற மாதால்ல இது?"

ஈரத்துண்டோடு வந்து நின்ற ஓவியர் படத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். "ஆமாக்கா. முப்பது மாதா எழுதுன கையி. பொம்பளை மொகம்னா அங்கிட்டுத்தான் ஓடுது."

முப்பத்தொன்று என்று திருத்த வாயெடுத்தேன், சொல்லவில்லை. மண்டியிலிருந்து வந்த அப்பாவும் பார்த்தார். பிறகு கைகால் கழுவப் போய்விட்டார். ஓவியர் ஒரு மழுங்கல் கத்தியால் முகத்தைச் சுரண்டித் துணியால் துடைத்தார். நான் பின்கட்டுக்குப் போய்விட்டேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. யாரோ ஒரு மாதாவை ஒரு மணி நேரம் அம்மா என்று நினைத்து நின்றிருக்கிறேன். இனி எந்த முகத்தை எழுதினாலும் அது அம்மாதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? வெட்கத்தைவிட அந்தப் பயந்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் ஓவியர் அப்பாவிடம் பேசினார். "அண்ணே, அக்காகிட்டக் கேட்டா நகைதான் வருது. நீங்க சொன்னாத்தான் உண்டு."

அப்பா வெகுநேரம் வெற்றிலை நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "சொல்லத் தெரியல தம்பி."

"சொல்ல வேணாம். நாளைக்குச் சந்தை. என் பக்கத்துல உக்காருங்க. போறவ வாறவ யாருகிட்டயாவது அவங்க சாயல் துளி தெரிஞ்சா என் கையத் தொடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"அடுத்தவன் வீட்டுப் பொம்பளைகளை உக்காந்து பாக்கச் சொல்றீங்களா?"

"மண்டி வாசல்லதானே? நாளெல்லாம் அங்கதான உக்காந்திருக்கீங்க."

பதினோராம் நாள் மண்டி வாசல் வேப்பமரத்தடியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த வருஷத்தில் நான் போட்ட ஒரே லீவு. ஓவியர் மடியில் ஒரு நோட்டும் பென்சிலும். காலை பத்து மணியிலிருந்து பெண்கள் கூடைகளோடு போனார்கள். முன்னூற்றுச் சொச்சம் வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன், ஏனென்றால் போனவர்களே திரும்பி வந்தார்கள்.

விறகுக்கட்டோடு போன ஒருத்தியைப் பார்த்து அப்பா ஓவியரின் கையைத் தொட்டுவிட்டுத் தன் நெற்றியைத் தடவினார். நெற்றி, என்று ஓவியர் குறித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து, பிள்ளையைத் திட்டிக்கொண்டு போனவளின் புருவம். பிறகு ஒரு காது. காது எல்லோருக்கும் ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றியது. அப்பாவுக்கு அப்படி இல்லை போலிருக்கிறது.

எதிரில் கடைபோட்டிருந்த வெற்றிலைக்காரக் கிழவி காலையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்: "என்னங்க முதலாளி, பொண்ணு பாக்குறீங்களாக்கும்? மகனுக்குத்தான் நிச்சயமாயிருச்சே. இது யாருக்கு?"

அப்பா எழுந்து மண்டிக்குள் போகப் பார்த்தார்.

"எனக்குத்தான் ஆத்தா. ஆவூருப் பக்கம் போனா எஞ் சம்சாரத்துகிட்டச் சொல்லிப்புடாதீங்க" என்றார் ஓவியர்.

"ஒன் மூஞ்சிக்கு ரெண்டாந்தாரமா? போய்யா அங்கிட்டு."

மூன்று மணி இருக்கும். சட்டிபானை விற்ற பெண்ணிடம் ஒருவர் பானையைத் தட்டித் தட்டிப் பார்த்து, "கீறல் விட்டிருக்கு, சத்தம் சரியில்ல" என்று பேரம் செய்துகொண்டிருந்தார். அவள், "பானை சரியாத்தான் சாமி இருக்கு. ஒங்க காதைத் தட்டிப் பாருங்க, அதுல கீறல் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபோது மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு பல் மற்றதன் மேல் ஏறி முன்னால் வந்து நின்றது.

இந்தத் தடவை அப்பா தொடவில்லை. ஓவியரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். விடவேயில்லை. ஓவியருக்குக் குறிக்கக் கை இல்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சிரிச்சா இப்பிடித்தான் ஒண்ணு வந்து நிக்கும்" என்றார் அப்பா. "சட்டுனு கையால மறைச்சுக்குவா. எதுக்கெடுத்தாலும் சிரிப்பு."

அம்மாவைப் பற்றி நான் கேள்விப்பட்ட மூன்றாவது விஷயம். இருபத்திரண்டு வருஷம் எட்டு மாதம் கழித்து.

வீட்டில் அத்தை கொதித்துப் போனாள். "தெத்துப்பல்லை எழுதணுமா? அத மறைக்கத்தானே நான் வாயத் தொறக்கல? பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? சாமி படத்துக்குப் பக்கத்துல பல்லக் காட்டிக்கிட்டு நிக்கவா?"

"நெனைக்கட்டும்" என்றார் அப்பா.

அத்தை எங்கள் மூன்று பேரோடும் பேச்சை நிறுத்தினாள். சோறு போட்டாள், குழம்பா ரசமா என்று கேட்கவில்லை, எது கையில் வந்ததோ அதை ஊற்றினாள்.

ஆனால் உண்மையில் பயந்துபோனவர் ஓவியர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "வாத்தியார் தம்பி, நான் இதுவரைக்கும் பல்லு எழுதினதில்ல. மாதாவுக்குப் பல்லு கெடையாது. செட்டியார் வீட்டுப் பெரியவங்களும் வாயத் தொறக்கமாட்டாக. பள்ளிக்கூடத்துலயும் உதட்டை மூடித்தான் எழுதச் சொல்லிக் குடுத்தாக. அந்தக் காலத்துல அரண்மனை அரண்மனையாப் போயி ராஜா ராணிய எழுதின பெரிய கையிங்ககூடப் பல்லத் தொடல. தொட்டா நாடகக்காரி மாதிரி ஆயிரும்."

மூன்று நாள் பழகினார். என் பழைய பரீட்சைத் தாள்களின் பின்புறத்தில் வாய்களாக வரைந்து தள்ளினார். நான் எடுத்து அடுக்கியவை ஐம்பத்தெட்டு. முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு தானே இளித்துப் பார்த்தார். பல்லைப் பல்லாகக் கோடு போட்டால் சோளக்கதிர் மாதிரி வந்தது. வெள்ளை வைத்தால் சுண்ணாம்பு தின்றது போல வந்தது. பதினான்காம் நாள் சாயங்காலம் கண்டுபிடித்துவிட்டேன் என்று என்னை இழுத்துப் போய்க் காட்டினார். பல் வெள்ளையே இல்லையாம். கொஞ்சம் காவி, கொஞ்சம் சாம்பல். எல்லாவற்றையும் ஒரே பட்டையாக எழுதிவிட்டு, ஏறி நிற்கும் அந்த ஒன்றுக்கு மட்டும் கீழே ஒரு மெல்லிய நிழல். "நிழலத்தான் எழுதணும் தம்பி. பல்லு தானா வந்துருது."

அடுத்த நான்கு நாள் கூடத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிக்கொண்டு எழுதினார். யாரையும் விடவில்லை. எனக்கு வேறு கவலைகள்: மழைக்காலம், எண்ணெய் வர்ணம் காயாது, ஈ ஒட்டும். உண்மையில் இரண்டு ஈ ஒட்டி, ஊசியால் எடுத்தாராம். ஈர முகத்தில் மாலை பட்டால் என்ன ஆவது என்று நான் கேட்டுக் கேட்டு, கடைசியில் சட்டத்தின் மேல் தனியாக ஒரு கம்பி நீட்டி அதில் மாலையைத் தொங்கவிட்டார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் திரையை எடுத்தார்கள். கூடத்தில் அப்போது நானும் அப்பாவும் ஓவியரும், இலை நறுக்கிக்கொண்டிருந்த நாலைந்து பேரும். நான் பார்த்தேன். பாகற்காய்ப் பச்சைப் புடவையில் ஒரு சின்னப் பெண், கையால் மறைப்பதற்குள் அகப்பட்டுக்கொண்ட சிரிப்போடு நின்றாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் மாதாவையும் இப்படித்தான் ஒரு மணி நேரம் நம்பினேன். அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அதிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அத்தை மஞ்சள் குங்குமத் தட்டோடு உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். பேச்சு நிறுத்தி ஏழு நாள் ஆகியிருந்தது. படத்துக்கு எதிரில் வந்ததும் அப்படியே நின்று, இத்தனை பேர் இருப்பதையும் மறந்து, சத்தம் போட்டாள்:

"எதுக்குடி இப்பச் சிரிக்கிற? வேலை மலையாட்டம் கெடக்கு, இவளுக்குச் சிரிப்பு!"

இலை நறுக்கும் சத்தம் நின்றது. அத்தை தன் வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டைக் கீழே வைத்தாள். தானும் கீழே உட்கார்ந்தாள்.

"என்னக்கா, மாதாவா?" என்று ஓவியர் மெதுவாகக் கேட்டார்.

"போய்யா" என்றாள் அத்தை, மூக்கைச் சீந்திக்கொண்டு. "ஒட்டியாணத்தைக் கொஞ்சம் எறக்கி எழுதியிருக்கலாம்."

ஒன்பதே காலுக்குத் தாலி கட்டினேன். என் மனைவியும் நானும் அப்பா காலில் விழுந்துவிட்டு, நாலு எட்டு நடந்து அம்மாவிடம் போனோம்.