லேப்டாப்பில் வந்த பிழை

மகளின் கல்யாணப் படங்கள் இருக்கும் லேப்டாப்பை இன்று காரைக்கால் கடைக்கு எடுத்துப் போனோம்.

கடைக்காரப் பெண் டிஸ்க்கைச் சோதித்தார். திரையில் சிவப்பாக வந்த முதல் சொல்லை நானே எழுத்துக்கூட்டினேன். பிழை!

"படமெல்லாம் போச்சு புள்ள" என்றேன் மனைவியிடம். அவள் அழுதுவிட்டாள்.

"ஐயா, முழுசாப் படிங்க."

மெல்லப் படித்தேன். பிழை: பழைய பேக்கப் நகல் சேதம்.

"கம்ப்யூட்டர் முன்னாடி எடுத்து வச்ச நகல்தான் கெட்டிருக்கு. உங்க படம் நல்லா இருக்குங்க. அந்த நகலை அழிச்சிட்டு மறுபடி பார்ப்போம்."

மறுபடி சோதித்தார். பிழை வரவில்லை. படத்தில் மகள் மாலையோடு சிரித்தாள்.

"இந்த வயசுல படிக்கக் கத்துக்கிட்டு, ஒத்த வார்த்தையில நிறுத்தி என்னை அழ வச்சிட்டீங்களே!" எங்கள் ஊர் கிளிஞ்சல்மேடு வரும்வரை பஸ்ஸில் மனைவியின் திட்டு.

கடைசி வரி வரை படித்தவர்கள் பதில் எழுதுங்கள். அந்தப் பதில்களை அவளுக்கு முழுவதும் படித்துக் காட்ட வேண்டும்.